சாமிக்கும் இல்லை, சும்மாவும் இல்லை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் படித்த நம் இளைஞர்கள் சிலரிடம் ஒரு வாதம் பரவியிருக்கிறது. கஞ்சாவையோ போதைக் காளானையோ பற்றிப் பேச்சு வந்தால், "கேளிக்கைக்காக எடுப்பது வேறு, ஆன்மிகத்துக்காக எடுப்பது வேறு" என்று தொடங்குகிறார்கள். கஞ்சா சிவ மூலிகையாம். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிதில்லையாம். மேல்நாட்டு ஆய்வுக்கூடங்கள் இன்று கண்டுபிடிப்பதை நம்மவர்கள் ரப்பர் மரத்தடியிலேயே அறிந்திருந்தார்களாம். தோட்டத்தில் குடித்துக் கெட்டவர்கள் வெறும் கேளிக்கைக்குக் குடித்தவர்கள். நோக்கம் சுத்தமாக இருந்தால் எந்தப் பொருளும் கெடுக்காது என்பதுதான் அவர்கள் வந்து சேரும் முடிவு.

இதை நல்ல மனத்தோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வில் தவித்து, வேறு கதவு திறக்காமல், இந்தப் பேச்சில் ஆறுதல் தேடியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பித்தர்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்த வாதத்தில் நம் வழிபாட்டைப் பற்றிச் சொல்வதும் தவறு, நம் தாத்தா பாட்டிகளைப் பற்றிச் சொல்வதும் தவறு. இரண்டாவது தவறு எனக்கு அதிகம் வலிக்கிறது.

முதலில் முனியாண்டி. தோட்ட எல்லையில், மரத்தடியில் நடக்கும் படையலைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். வாழை இலை விரித்து, சோறும் கோழிக்கறியும் அவித்த முட்டையும் வைப்பார்கள். சுருட்டைப் பற்றவைத்து இலையோரம் நிறுத்துவார்கள். போத்தலின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார்கள். சுருட்டு தானாகப் புகைந்து சாம்பல் நீண்டுகொண்டே போகும். யாரும் கை வைப்பதில்லை. அது சாமியின் பங்கு. சாமியாடி போத்தலை வாயில் கவிழ்க்கும் ஊர்களிலும், அதற்கு முன்பே உடுக்கைச் சத்தத்தில் அருள் இறங்கியிருக்கும். அங்கே நிற்கிறவர்களின் நம்பிக்கைப்படி குடிப்பது சாமிதான், அந்த மனிதர் இல்லை. அருள் மலையேறியபின் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். தனக்கு என்ன தரிசனம் கிடைத்தது என்று அவர் யாரிடமும் விவரிப்பதில்லை. அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை. குறி கேட்க வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்போது காய்ச்சல் இறங்கும் என்பதுதான் கேள்வி.

படையல் முடிந்தபின் மிச்சத்தைக் குடித்து உளறியவர்களும் இருந்தார்கள். அதை வழிபாடு என்று அன்றைக்கு யாரும் சொன்னதில்லை. இலையில் வைத்ததைக் காட்டி, "எங்கள் மரபே போதையால் ஞானம் தேடிய மரபு" என்று சொன்னால் படைப்பதையும் உட்கொள்வதையும் ஒன்றாக்கிவிடுகிறோம். சிவனுக்கு ஊமத்தம்பூ சாத்துகிறோம்; சாத்தியவர் யாரும் அந்தச் செடியை மென்றுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. மென்றால் நாக்கு வறண்டு, கண்மணி விரிந்து, நினைவு தப்பி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

சைவத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே கள்ளுண்ணாமை என்று ஒரு பகுதியே உண்டு. சக்தியின் அருளை வேண்டி, வழிபாட்டின் பேரில் கள் உண்டவர்களைத் திருமூலர் அதில் நேருக்கு நேர் மறுக்கிறார். நோக்கம் ஆன்மிகம் என்றால் போதை பரவாயில்லை என்ற வாதம் அவர் காலத்திலேயே இருந்திருக்கிறது; அவர் அதை ஏற்கவில்லை. பனிமலை அடிவாரத்துச் சாதுக்கள் கஞ்சா புகைப்பதும், காசியில் சிவராத்திரிக்குப் பாங்கு அருந்துவதும் உண்மைதான். அவை அந்த ஊர்களின் வழக்கங்கள். கெடா தோட்டத்துக் கோயில்களின் மரபு என்று அவற்றை இங்கே இறக்குமதி செய்ய முடியாது.

அடுத்தது அருள். பக்தருக்கு வரும் அருள் நிலையும் போதைப் பொருள் தரும் நிலையும் ஒன்றுதான் என்கிறார்கள். தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்பவர்கள் ஏதோ போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள் என்று வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இப்போது நம் பிள்ளைகளே அதைப் பெருமையாகத் திருப்பிச் சொல்கிறார்கள். சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடி எடுக்கும் ஒருவரின் வீட்டுக்கு விரத நாள்களில் போய்ப் பாருங்கள். மரக்கறிச் சாப்பாடு, தரையில் படுக்கை, தனித் தட்டு, தனிக் குவளை. மதுவும் புகையும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. சிலர் நாற்பத்தெட்டு நாளும் இப்படி இருக்கிறார்கள். மலேசியத் தைப்பூசத்தை ஆராய்ந்து 1984-இல் கட்டுரை வெளியிட்ட உளவியலாளர் கொலீன் வார்ட், அந்த நிலையை விரதம், எதிர்பார்ப்பு, மேளம், கூட்டுக் கோஷம் இவற்றின் வழியாகவே விளக்கினார். உறுமியும் 'வேல் வேல்' முழக்கமும் சுற்றி நிற்கும் சொந்தங்களின் கைகளும் சேர்ந்து ஒரு மனிதரை அந்த நிலைக்குக் கொண்டுபோகின்றன. அவரைத் திரும்ப அழைத்து வரவும் அதே ஆட்கள் விபூதியோடு காத்திருப்பார்கள். குடித்துவிட்டு வந்தவனைக் காவடிக் குழுவின் தலைவர் வரிசையிலிருந்து வெளியே இழுத்துவிடுவார். போதையைத் தள்ளிவைத்து ஏறும் ஒரு வழியை, போதைக்குச் சான்றாகக் காட்டுவதைவிடப் பெரிய அவமதிப்பு அந்த விரதத்துக்கு வேறு இல்லை.

சரி, வழிபாட்டை விடுங்கள், அறிவியலே சொல்கிறதே என்பார்கள். 2006-இல் வெளியான, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 36 பேருக்குக் காளானின் சாரமான சைலோசைபின் கொடுத்து நடத்திய ஆய்வு அவர்களுக்கு மனப்பாடம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் முழுமையான மறைஞான அனுபவம் அடைந்தார்கள். அது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கடுமையான அச்சம் ஏற்பட்டது. அந்த 36 பேரும் ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் சமய, ஆன்மிக ஈடுபாடு உடையவர்கள். அதாவது நோக்கம் சுத்தமாக இருந்தவர்கள். அச்சம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. குடும்பத்தில் மனநோய் வரலாறு உள்ளவர்களை முன்கூட்டியே விலக்கியிருந்தார்கள்; முன்தயாரிப்புச் சந்திப்புகள் நடந்தன; எட்டு மணி நேரமும் பயிற்சி பெற்றவர்கள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். செம்பனைக் காட்டோரம் மாட்டுச் சாணத்தில் முளைத்ததைப் பறித்து, அது எந்தக் காளான் என்றுகூடத் தெரியாமல், தாமான் குடியிருப்பு வீட்டு அறையில் பூட்டிக்கொண்டு தின்பவருக்கு இதில் எது இருக்கிறது? தன் குடும்பத்தில் யாருக்கு மனநோய் இருந்தது என்பதே நம் வீடுகளில் பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

இதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. 1962-இல், பெரிய வெள்ளிக்கிழமையன்று, பாஸ்டன் நகரத்து மார்ஷ் சிற்றாலயத்தில் வால்டர் பாங்கே இறையியல் மாணவர்கள் 20 பேரை வைத்துச் சோதனை செய்தார். பத்துப் பேருக்கு சைலோசைபின். இடம் கோயில், நாள் புனித நாள், எடுத்தவர்கள் சமயப் பணிக்குப் படிப்பவர்கள். இதைவிட ஆன்மிகமான நோக்கம் எங்கே கிடைக்கும்? பல ஆண்டுகள் கழித்து அந்த மாணவர்களைத் தேடிப்பிடித்துப் பேசிய ரிக் டாப்ளின் 1991-இல் எழுதியபோதுதான், அவர்களில் ஒருவர் நிலைகுலைந்து வெளியே ஓடியதும், அவரை அமைதிப்படுத்தும் மருந்து ஊசி போட்டு அடக்க வேண்டியிருந்ததும், அது முதல் அறிக்கையில் மறைக்கப்பட்டதும் வெளியே தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் பெரும்பாலோர் அந்த அனுபவத்தை வாழ்நாள் வரமாக நினைத்தார்கள் என்பதையும் டாப்ளின் எழுதினார். இரண்டும் ஒரே கூடத்தில், ஒரே நோக்கத்தோடு உட்கார்ந்தவர்களுக்கு நடந்தவை.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் கஞ்சா கையிலிருந்தால் கடத்தல் என்றே அனுமானிப்பார்கள். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீங்கியது; மரண தண்டனை நீங்கவில்லை. யாருக்காகப் புகைத்தாய் என்று அந்த நீதிமன்றத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.

இனி, எனக்கு வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். ஒருவன் போதையை நாடினால் காரணம் இரண்டே: ஒன்று ஆன்மிகம், இல்லையென்றால் கேளிக்கை என்கிறார்கள். கெடா தோட்டத்தில் வளர்ந்த யாரும் இதை எப்படி நம்புகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, கொசுக்கடியில் நெரை நெரையாகப் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து வந்து பால் நிறுத்துப் போட்டுவிட்டு, பிற்பகலில் லயத்துக்குத் திரும்பும் உடம்பை நினைத்துப் பாருங்கள். தோள் இற்றுப் போயிருக்கும். அந்த உடம்பு திரும்பும் வழியில், தோட்டத்துக்குள்ளேயே, கள்ளுக்கடையைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு அனுமதி கொடுத்தது அரசு. இடம் கொடுத்தது நிர்வாகம். அங்கே போய் உட்கார்ந்தவர் மறைஞானம் தேடவில்லை. அவர் செய்ததைக் கேளிக்கை என்று சொல்வதும் பொருந்தாது. மறுநாள் அதே நேரத்துக்கு எழுந்து நிற்பதற்காக வலியை மரத்துப்போகச் செய்துகொண்டார்.

கள் தமிழனின் பழைய வழக்கம், அதில் சத்து உண்டு, மூடினால் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்குத் தாவுவார்கள் என்று கடைகளைக் காப்பாற்ற வாதாடியவர்கள் துரைமார்கள். மரபு என்ற சொல் நம் போதை வரலாற்றில் இப்படித்தான் முதலில் பயன்பட்டது. இன்று அதே சொல்லை எடுத்துக்கொண்டு கஞ்சாவுக்கு வாதாடும் பிள்ளைகளுக்கு இது தெரியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தோட்டத்து மக்கள் அந்த வாதத்தை ஏற்கவே இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் கோரினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கெடாவில் அது இன்னும் உரக்க எழுந்தது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. இந்திய தேசிய இராணுவத்தில் பழகியிருந்த அணிவகுப்புப் பயிற்சி, கட்டுப்பாடு எல்லாம் அதில் இருந்தது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947-இல் போலீசோடு மோதல்கள் வெடித்தன. பலர் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். படையை அரசு நசுக்கியது. குடித்தவர்களை இந்தப் படை அடித்துத் தண்டித்ததும் உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் அவர்கள் கையை நீட்டிக் காட்டிய இடம் சரி: கடையும், கடையைத் திறந்து வைத்தவர்களும், குடித்தே தீர வேண்டிய நிலையில் ஆளை வைத்திருந்த சம்பளமும். கள்ளை எதிர்த்த அதே தொழிற்சங்கங்கள் கூலிக்காகவும் போராடின. இரண்டும் அவர்களுக்கு ஒரே வழக்கு.

நம் இனத்துக்கு மட்டும் உரியதும் இல்லை இது. கெடாவின் கம்பங்களில் வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்கள் கெத்தும் இலையைக் காய்ச்சிக் குடித்து வந்தது வெயிலையும் அசதியையும் தாங்கத்தான். அபினிப் பழக்கத்துக்கு மாற்றாக அந்த இலையைப் பயன்படுத்தியதை 1897-லேயே குறித்தவர் ரிட்லி. ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டு இந்த நாட்டைத் தோட்டமாக்கியவரும் அவரே. 2003 முதல் கெத்தும் நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அபராதம், சிறை வரை போகலாம். எல்லைக்கு அப்பால் தாய்லாந்து 2021-இல் அதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்த இலையை ஆன்மிகப் பெட்டியில் போடுவதா, கேளிக்கைப் பெட்டியில் போடுவதா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, பிறகு தாமான்களாகிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் சுங்கை பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்கும் லாரிகளுக்கும் போனார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் கண் விழித்திருக்க ஷாபு என்ற போதைப்பொருளை இழுக்கும் பையனிடம் போய், நீ செய்வது கேளிக்கை, நாங்கள் செய்வது தவம் என்று சொல்ல இந்த வாதத்தால் முடிகிறது. மெத்தை விரித்த அறையில், ஊதுபத்தி ஏற்றி, விடுமுறை நாளில் காளான் தின்பவருக்கு ஆன்மிகம் என்ற பட்டம். அவருடைய தாத்தா தகரக் குவளையில் குடித்த கள்ளுக்குக் குடிகாரன் என்ற பட்டம். நோக்கத்தைப் பார்த்துப் பிரிப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஓய்வு கிடைத்தவரையும் கிடைக்காதவரையும்தான் இவர்கள் பிரிக்கிறார்கள்.

மனச்சோர்வுக்கு வழி தெரியாமல் இந்தப் பேச்சுக்குள் வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை இருக்கிறது; அங்கே போய் மனநல மருத்துவரைப் பார்க்கக் கேளுங்கள். அங்கே தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அக்காவோ மாமாவோ, யாராக இருந்தாலும் சரி. குடும்பத்தில் முன்பு யாருக்கு என்ன நோய் இருந்தது என்பதைப் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.