பாடநூலை மாற்றுமுன் பின்னத்தைப் பாருங்கள்

வீட்டிலேயே வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் குடும்பங்களை ரவாங், செலாயாங், கிள்ளான் பக்கமெல்லாம் இன்று பார்க்க முடிகிறது. அந்தப் பெற்றோரைப் பெரிதும் அலைக்கழிக்கும் கேள்வி கணிதத்தைப் பற்றியது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு அடுத்து எந்தப் பாடத்திட்டம்? மொழிப்பாடத்தைக் கதைப்புத்தகங்களைக் கொண்டே வளர்த்துவிடலாம். வரலாற்றில் ஓர் அத்தியாயம் விட்டுப்போனால் பிறகு படித்துக்கொள்ளலாம். கணிதத்தில் விட்டுப்போனது அடுத்த பாடத்திலும் அதற்கடுத்த பாடத்திலும் வந்து மறிக்கும். அந்தப் பயத்தில்தான் ஆறு மாதம் சிங்கப்பூர்ப் புத்தகம், பிறகு அமெரிக்கப் புத்தகம், அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள். அலமாரி நிறைகிறது. பிள்ளையோ நான்கில் மூன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பத்தில் நான்கு என்று எழுதுகிறது.

மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி எழுதும் இந்தத் தவற்றை எந்த நாட்டுப் பாடநூலும் தானாகத் திருத்தாது. புத்தகத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் பிள்ளையின் பின்ன அறிவு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரப் போகிறவருக்கு அந்தப் புத்தகம் எவ்வளவு கைவசப்படும் என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் புத்தகத் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டில் கற்பிக்க அமைச்சின் விலக்கு வேண்டும். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல் மக்களவையில் நிறைவேறியிருக்கிறது. ஆகவே ஆறாம் ஆண்டுக்குப் பிறகு எப்படியும் நடத்திக்கொள்ளலாம் என்று இருந்த குடும்பங்களும் இனி எழுத்துபூர்வமாக அனுமதி கேட்டு, பிள்ளை என்ன படிக்கிறது என்று காட்டத் தயாராக இருப்பது நல்லது. ஒழுங்கான கணிதத் திட்டம் ஒன்று கையில் இருப்பது அதற்கும் உதவும்.

பள்ளியை விட்டு விலகும் பெற்றோரின் கவலைக்குக் காரணம் இல்லாமலில்லை. எட்டாம் வகுப்பு அளவில் நடக்கும் டிம்ஸ் அனைத்துலக ஆய்வில் 1999இல் மலேசியாவின் கணிதப் புள்ளி 519. 2011இல் 440. 2023இல் 411. அதே 2023இல் சிங்கப்பூர் 605. இதற்கிடையில் யு.பி.எஸ்.ஆர். 2021இல் ரத்தானது, பிடி3 தேர்வு 2022இல் ரத்தானது. பிள்ளைகளின் தோளிலிருந்து தேர்வுச் சுமை இறங்கியதை நான் வரவேற்கிறேன். ஆனால் பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று வெளியிலிருந்து சொல்ல இருந்த ஒரு அளவுகோலும் அதோடு போயிற்று. வீட்டில் கற்பிக்கிறவருக்கு அந்த வெறுமை இன்னும் பெரிது. அதனால்தான் புத்தகத்தின் புகழை அளவுகோலாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பின்னத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? ராபர்ட் சீக்லரும் அவர் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க, பிரிட்டன் பிள்ளைகளின் நீண்டகாலத் தரவுகளை எடுத்துப் பார்த்தது. பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்திருந்தன என்பது, உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளை இயற்கணிதத்தில் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது. குடும்ப வருமானம், பொது அறிவுத்திறன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. நம் முன்னோருக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. திண்ணைப் பள்ளிகளில் ஓதிய எண்சுவடியில் முழு எண் வாய்ப்பாட்டோடு பின்ன வாய்ப்பாடும் சேர்ந்தே இருந்தது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி 320இல் ஒன்றான முந்திரி வரை பிள்ளைகள் சொன்னார்கள். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி பிரிக்கவும் அது வேண்டியிருந்தது. அந்தக் கல்வியின் கடுமையையும் சாதிச் சுவரையும் மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை. பின்னத்தை ஓர் அத்தியாயமாக ஒதுக்காமல் எண்ணின் பகுதியாகவே வைத்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு மாலை நேரம் போதும், பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள. 0.35 பெரிதா 0.4 பெரிதா என்று கேளுங்கள். 35 நான்கைவிடப் பெரிது என்பதால் 0.35 என்று பதில் வந்தால் தசமத்தில் இடமதிப்பு பிடிபடவில்லை. ஒரு கோடு வரைந்து அதில் நான்கில் மூன்றையும் எட்டில் ஐந்தையும் குறிக்கச் சொல்லுங்கள். 250 ரிங்கிட் பையின் விலையை 20 விழுக்காடு குறைத்து, குறைந்த விலையில் மறுபடி 20 விழுக்காடு ஏற்றினால் என்ன விலை என்று கேளுங்கள். 250 என்று வந்தால் விழுக்காடு எதன்மேல் என்ற கேள்வியே பிள்ளையின் மனத்தில் எழவில்லை. 240 என்று வந்தால், எப்படி என்று சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளில் தடுமாறும் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் புத்தகம் வாங்குவது வீண் செலவு. வயது என்னவாக இருந்தாலும் ஐந்தாம் ஆண்டுப் பின்னத்துக்கு இறங்கி மூன்று மாதம் உட்கார வேண்டும். அது பின்னடைவு அல்ல. வகுப்பில் நாற்பது பேரோடு ஓட வேண்டிய பிள்ளைக்குக் கிடைக்காத வசதி அது. வீட்டுவழிக் கல்வியின் மிகப் பெரிய பலமே அதுதான்.

இனிப் புத்தகங்கள். சிங்கப்பூர்க் கணிதத்துக்கு என் மனம் சாய்கிறது, காரணத்தோடுதான். 1980இல் அமைக்கப்பட்ட அந்நாட்டுப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் 1982 முதல் தொடக்கநிலைக் கணித நூல்களைக் கொண்டுவந்தது. கோ டெக் ஹோங் தலைமையிலான குழு உருவாக்கிய கட்ட மாதிரி முறைதான் அவற்றின் உயிர். அது என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஒரு டின் மாவில் ஐந்தில் இரண்டு பங்கைத் தோசைக்கு எடுத்தாயிற்று. மீதியில் மூன்றில் ஒரு பங்கை இட்லிக்கு எடுத்தாயிற்று. 800 கிராம் மிச்சம். டின்னில் முதலில் எவ்வளவு இருந்தது?

பிள்ளை ஒரு நீளக் கட்டம் வரைந்து ஐந்தாகப் பிரிக்கிறது. இரண்டு கட்டத்தில் தோசை என்று எழுதுகிறது. மீதி மூன்று. அதில் மூன்றில் ஒன்று என்றால் ஒரு கட்டம், அது இட்லி. மிச்சம் இரண்டு கட்டம், அது 800. ஒரு கட்டம் 400, ஐந்து கட்டம் 2,000 கிராம். இரண்டு கிலோ. இதில் சூத்திரமே இல்லை. மீதியில் மூன்றில் ஒன்று என்பது மொத்தத்தில் ஐந்தில் ஒன்று என்று பிள்ளை கண்ணாலேயே பார்த்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே கட்டத்தை எக்ஸ் என்று எழுதச் சொன்னால் இயற்கணிதம் தொடங்கிவிடும். மெட்ரிக் அளவுகள், நமக்குப் பழக்கமான சாப்பாடு, கடைவீதி என்பதெல்லாம் கூடுதல் வசதி. ஒரு எச்சரிக்கை மட்டும்: கடையில் கண்ணில் முதலில் படுவது சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கான பயிற்சி நூல்கள். அவை தேர்வுக்குத் தயார்செய்பவை. பாடம் சொல்லித்தருபவை வேறு. பாடநூலும் ஆசிரியர் கையேடும் இல்லாமல் பயிற்சி நூலை மட்டும் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை நொந்துபோகும்.

சாக்சன் கணிதம் நேர் எதிர்த் திசை. விமானப்படை அதிகாரியாக ஓய்வுபெற்று ஒக்லஹோமாவில் கல்லூரி ஆசிரியரான ஜான் சாக்சன் உருவாக்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு சிறு புதிய செய்தி, பிறகு பழைய பாடங்களையெல்லாம் கலந்து முப்பது கணக்கு. மறதி அதிகமுள்ள பிள்ளைக்கும், கணிதத்தில் நம்பிக்கையில்லாத பெற்றோருக்கும் இது கைகொடுக்கும். பிள்ளை தானே படித்து முன்னேறலாம். ஆனால் ஒரு கருத்தைத் துண்டு துண்டாகப் பல வாரங்களில் கொடுப்பதால், ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குச் சலிப்பு வரும். அங்குலம், பவுண்டு, கேலன் என்ற அமெரிக்க அளவுகளும் நம் பிள்ளைக்குத் தேவையில்லாத சுமை. கணிதத்தை விளையாட்டாகவே நேசிக்கும் பிள்ளைக்கு பீஸ்ட் அகாடமியின் படக்கதை நூல்கள் விருந்து. மற்றப் பிள்ளைகளுக்கு அதை முதன்மை நூலாக வைக்க நான் சொல்லமாட்டேன்.

நம் நாட்டின் இடைநிலைப் பள்ளிப் பாடநூலைப் பலர் புரட்டியும் பார்ப்பதில்லை. மின்னூலாக இலவசமாகவே கிடைக்கிறது. படிவம் ஒன்றில் 13 அத்தியாயங்கள். விகிதமுறு எண்களில் தொடங்கிப் பித்தாகரஸ் தேற்றத்தில் முடிகிறது. நடுவில் இயற்கணிதக் கோவை, நேரியல் சமன்பாடு, கணங்கள் எல்லாம் ஒரே ஆண்டில். குறை எண்களையே முதன்முதலாகப் படிவம் ஒன்றின் முதல் அத்தியாயத்தில் சந்திக்கிற பிள்ளைக்கு இந்த வேகம் தாங்காது. தமிழ்நாட்டுப் பாடநூலிலும் இந்திய என்.சி.இ.ஆர்.டி. பாடநூலிலும் குறை எண்கள் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. அதனால் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பு நூலின் முழுக்கள் பகுதியை ஒரு மாதம் நடத்திவிட்டுப் படிவம் ஒன்றைத் திறந்தால் நிதானம் கிடைக்கும். அதுவும் இலவசம், தமிழிலேயே இருக்கிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு மொழி இன்னொரு சிக்கல். 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 2009இல் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். 2016இல் இருமொழித் திட்டம் என்று மறுபடி ஆங்கிலத்துக்கு வழி திறந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மொழியிலும் தங்கை வேறு மொழியிலும் கணிதம் படித்த காலம் அது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை, இயற்கணிதம் தொடங்கும் அதே ஆண்டில் மொழியையும் மாற்ற நேர்கிறது. வீட்டில் கற்பிக்கிறவர் இந்த இரண்டையும் பிரித்துவைக்கலாம். புதுக் கருத்தைத் தமிழில் பேசிப் புரியவையுங்கள். கணக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கச் சொல்லுங்கள். எஸ்.பி.எம். கணிதத் தாளில் கேள்விகள் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அச்சாகின்றன என்பதால் எந்த முயற்சியும் வீணாகாது.

சொல்லித்தருகிறவரின் கணிதம் எவ்வளவு முக்கியம் என்பதை லிப்பிங் மாவின் 1999ஆம் ஆண்டு நூலைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை. அதற்காக அவர் சீன, அமெரிக்க ஆசிரியர்களிடம் ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, அதற்கு ஒரு கதையும் சொல்லச் சொன்னார். 72 சீன ஆசிரியர்களும் விடையைச் சரியாகச் சொன்னார்கள். பேட்டி கண்ட 23 அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேர்கூடச் சரியாக முடிக்கவில்லை. கதை சொல்வதில் இன்னும் திணறினார்கள். பலர் இரண்டால் வகுக்கும் கதையைச் சொன்னார்கள். நீங்களும் முயன்று பாருங்கள். ஒன்றே முக்கால் மீட்டர் துணியை அரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் மூன்றரைத் துண்டு. இந்தக் கதை உடனே வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம். நமக்கும் யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. பிள்ளைக்கு நடத்துவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆசிரியர் கையேட்டோடு உட்கார்ந்து அந்தப் பாடத்தை நீங்கள் போட்டுப் பாருங்கள். அதற்கு நேரமே இல்லை என்றால் சிங்கப்பூர் நூலைவிடச் சாக்சன் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

கடைசித் தேர்வைப் பதினோரு வயதிலேயே முடிவுசெய்ய வேண்டியதில்லை, ஆனால் பதின்மூன்றில் முடிவுசெய்தாக வேண்டும். உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் என்ற எண்ணம் இருந்தால் எஸ்.பி.எம். வழி. தனியார் தேர்வராக எழுதலாம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. ஐ.ஜி.சி.எஸ்.இ. என்றால் தேர்வுக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் கூடும், பாதை தனியார் கல்லூரிகளை நோக்கிப் போகும். கேம்பிரிட்ஜ் நடத்தும் ஐ.ஜி.சி.எஸ்.இ. கணிதத் தேர்வில் 2025 முதல் ஒரு தாள் கால்குலேட்டர் இல்லாமல் எழுத வேண்டியதாகிவிட்டது. பின்னத்தை விரலால் தட்டிச் சமாளித்த பிள்ளைகள் அங்கே தடுமாறுவார்கள்.

நம் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டிலிருந்து படிவம் ஒன்று வரையிலான பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டும் இருபது, முப்பது கேள்விகள் கொண்ட தாளைத் தமிழில் அவர்கள் தயாரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு தவறும் எந்த இடைவெளியைக் காட்டுகிறது என்று ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் அது பயன்படும். ரவாங்கிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் பிள்ளையோடு வந்து எழுதிப் பார்த்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போகும்படி அதைத் தொடங்கலாம். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் முதல் தாள் தயாராகிவிட முடியும்.