தடை செய்த பின்னும் தீராத நஞ்சு

தென் துருவத்தில் வயல் இல்லை, பயிர் இல்லை, மருந்து தெளிப்போரும் இல்லை. ஆயினும் அங்கு வாழும் அடேலி பென்குயின் பறவைகளின் உடலில் டி.டி.டி. இருப்பது 1960-களிலேயே கண்டறியப்பட்டது. தொலைதூர நாடுகளில் தெளித்த மருந்துதான் அது.

டி.டி.டி., பி.எச்.சி. போன்றவை எளிதில் சிதைவதில்லை. வெப்பமான பகுதிகளில் தெளித்த மருந்தில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. குளிர்ப் பிரதேசத்தை அடைந்ததும் பனியோடு கீழே படிகிறது. இவை நீரில் கரைவது அரிது. கொழுப்பில் நன்கு கரையும். எனவே ஓர் உயிரை மற்றோர் உயிர் தின்னத் தின்ன, நஞ்சின் அளவு பெருகிக்கொண்டே போகிறது.

பல நாடுகள் 1970-களில் டி.டி.டி.யைத் தடை செய்தன. நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. 1989-லும், பி.எச்.சி. 1997-லும் நிறுத்தப்பட்டன. தடை வந்துவிட்டால் நஞ்சு தீர்ந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். வட துருவ உயிரினங்களில் டி.டி.டி. குறைந்தும் வந்தது. ஆனால் அடேலி பென்குயின்களில் அவ்வாறு குறையவில்லை என்று 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. பனிப்பாறைகளில் உறைந்து கிடந்த பழைய டி.டி.டி., பூமி வெப்பமடைந்து பனி உருகுவதால் மீண்டும் கடலில் கலக்கிறது என்பதே அதில் கூறப்பட்ட காரணம். மேற்கு அண்டார்டிக் கரையோரம் இவ்வாறு ஆண்டுக்கு 1 முதல் 4 கிலோ வரை வெளிவருவதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

வட துருவப் பகுதியிலும் வெப்பம் வேறு வழியில் கேடு செய்கிறது. பனிக்கரடிகள் கடற்பனியின் மேலிருந்துதான் சீல்களை வேட்டையாடும். கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் பனி முன்னைவிடச் சீக்கிரம் உடைவதால், கரடிகள் கரையேறி நீண்ட நாள் பட்டினி கிடக்க நேரிடுகிறது. உடற்கொழுப்பு கரையும்போது அதில் அடங்கியிருந்த நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. தாய்ப்பால் வழியே குட்டிக்கும் செல்கிறது.

விற்பனைக்கு அனுமதித்துவிட்டு, தீமை தெரிந்த பின் தடை செய்யும் முறை போதாது என்பதையே இவை காட்டுகின்றன. எண்டோசல்பான் விஷயத்திலும் அதுவே நடந்தது. பல்லாண்டு தெளித்த பிறகு, 2011-ல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. இதில் விவசாயியைக் குறை கூறுவது நியாயமன்று. சிபாரிசு செய்யப்பட்டதையே அவர் வாங்கித் தெளித்தார்.

எளிதில் சிதையாத எந்த மருந்துக்கும் அரசு இனி அனுமதி தரலாகாது. மண்ணில் எத்தனை நாள் தங்கும் என்பதை மருந்து டப்பாவின் மேல் தெளிவான தமிழில் அச்சிட வேண்டும். பூச்சி எத்தனை நாளில் சாகும் என்று கடையில் கேட்கும் விவசாயி, மருந்து எத்தனை நாளில் சாகும் என்றும் கேட்க வேண்டும். வீட்டில் பழைய மருந்து மீதமிருந்தால் வாய்க்காலிலோ கிணற்றிலோ கொட்டாமல், வேளாண்மை அலுவலரிடம் தெரிவித்து அவர் யோசனைப்படி நடப்பது நல்லது.