சுவரில் விட்ட ஓட்டை யார் கணக்கு?

தருமபுரியில் தீ என்று சொன்னால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது 2012 நவம்பர் 7. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் அன்று சாதிவெறியில் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அது மனிதர்கள் வைத்த தீ. இங்கே நான் பேசுவது யாரும் வைக்காத தீயைப் பற்றி. மின்கசிவிலோ அடுப்பிலோ தொடங்கி, அலட்சியத்தால் பரவும் தீயைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டாவதையும் நம் உரிமைப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.

பெரிய கட்டடங்களில் மின் அறை, ஜெனரேட்டர் அறை, மாடிப்படி இவற்றைச் சுற்றியுள்ள சுவர்களைத் தீயை ஒரு மணி, இரண்டு மணி நேரம் தாங்கும்படி கட்ட வேண்டும். அந்த நேரம்தான் உள்ளே இருப்பவர்கள் தப்பிப்பதற்கான நேரம். கட்டி முடித்த பிறகு என்ன நடக்கிறது? கேபிள் இழுக்க ஒருவர் ஓட்டை போடுகிறார். ஏசி பைப்புக்கு இன்னொருவர், கழிவுநீர்க் குழாய்க்கு வேறொருவர். அடைப்பது யாருடைய வேலையும் இல்லை. சுவர் இரண்டு மணி நேரம் தாங்கினாலும், கை நுழையும் ஓட்டை வழியே புகை சில நிமிடங்களில் அடுத்த பக்கம் போய்விடும். பிவிசி குழாயோ சூட்டில் உருகி, தான் இருந்த இடத்தையே ஓட்டையாக்கிவிடும்.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. மாடிக்கு மாடி கேபிள் ஏறும் குழியை ஒவ்வொரு தளத்திலும், அந்தத் தளத்துக்கு இணையாகத் தீயைத் தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். சாதாரண ஃபோம் அடித்து மறைத்தால் அது தானே எரியும். பிளாஸ்டிக் குழாய்க்கு, சூடு பட்டதும் உப்பி வழியை அடைக்கும் வளையம் போட வேண்டும்.

புகை என்ன செய்யும் என்பதற்குக் கொல்கத்தா சாட்சி. 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் அங்குள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. வாகனம் நிறுத்த வேண்டிய இடத்தில் எரியக்கூடிய பொருட்களைக் குவித்து வைத்திருந்தார்கள். புகை மேல் தளங்களுக்கு ஏறியது. சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மூச்சுத்திணறி. முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்துக் குடிசைப் பகுதியான பஞ்சாநந்தலா மக்கள். காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மக்களோ சுவரேறி உள்ளே போய் நோயாளிகளைத் தூக்கி வந்தார்கள்.

நம் மாநிலத்தில் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையல் நடந்த இடத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவே தீயைத் தடுக்க எதுவுமே இல்லை. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள், கான்கிரீட் வந்தது. கான்கிரீட் வந்ததும் பயமும் போய்விட்டது. கான்கிரீட்டிலும் ஓட்டை விழும் என்பதை மறந்துவிட்டோம்.

இதில் நம் பங்கு எங்கே என்று கேட்கலாம். எலக்ட்ரீஷியனாக, பிளம்பராக, கேபிள் இழுப்பவராக நம் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். டிரில் பிடிக்கும் கை நம்முடையது. சான்றிதழில் கையெழுத்துப் போடும் கை வேறு. ஓட்டையை அடைப்பதற்கான பொருளும் கூலியும் ஒப்பந்தத்திலேயே இருப்பதில்லை. ஆனால் விபத்து நடந்தால் பழி டிரில் பிடித்த கைமேல்தான் விழும். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குவதும் நம்மவர்களே: விடுதி மாணவர்கள், மருத்துவமனை வராண்டாவில் படுத்திருக்கும் நோயாளியின் உறவினர்கள், இரவுப் பணியில் இருக்கும் தூய்மைப் பணியாளர்கள்.

"விடுதியில் சோறே சரியில்லை, கேபிள் ஓட்டை இப்போது முக்கியமா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சோற்றுக்கான போராட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அந்த மனுவிலேயே இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன். 2025 ஜூலையில் அரசு நம் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தது. பெயர்ப்பலகையை மாற்றியவர்கள் சுவரையும் பார்க்கட்டும்.

தோழர்களே, மூன்று வேலைகள் இருக்கின்றன.

ஒன்று: உங்கள் விடுதியில், கல்லூரியில் சமையலறைச் சுவரையும் மின் அறைச் சுவரையும் பாருங்கள். குழாயைச் சுற்றி இடைவெளி தெரிந்தால் தேதியோடு படம் எடுங்கள். மின்பெட்டியைத் தொடாதீர்கள்.

இரண்டு: பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அரசு விடுதிகளிலும் சுவர், தளத் திறப்புகளைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? யார் சோதித்தார்கள்? எத்தனை அடைக்கப்பட்டன? 30 நாளில் பதில் தர வேண்டும். வரும் பதிலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள்.

மூன்று: வயரிங் வேலைக்குப் போகும் தம்பிகள், மதிப்பீடு எழுதும்போதே அடைப்பு வேலைக்குத் தனி வரி கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

படிக்கப் போன பிள்ளை உயிரோடு வீடு திரும்புவதும் சமூகநீதிதான்.

ஜெய்பீம்.