முகத்தை மட்டும் பார்க்கும் கேமரா

டென்னிஸில் ஒரு முக்கியமான புள்ளியை வென்ற வீரரின் முகத்தையும் இழந்த வீரரின் முகத்தையும் தனியே வெட்டியெடுத்து அருகருகே வைத்தால், எது யாருடையது என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம் என்றுதான் யாரும் நினைப்போம். ஹில்லெல் அவியேசர், யாக்கோவ் ட்ரோப், அலெக்சாண்டர் டொடோரோவ் மூவரும் இதைச் செய்து பார்த்து, 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பிரிக்க முடியவில்லை. முகத்தை நீக்கிவிட்டு உடலை மட்டும் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். வென்றவரின் முகத்தைத் தோற்றவரின் உடலில் ஒட்டிக் காட்டினால், அந்த முகமே துவண்டுபோனதாகத் தெரிந்தது. இதில் வேடிக்கை, முழுப் படத்தைப் பார்த்தவர்கள் தங்களுக்கு விடை கிடைத்தது முகத்திலிருந்துதான் என்று நம்பியது. விடையைக் கொடுத்தது உடல், பெயர் வாங்கியது முகம்.

இந்த மயக்கத்தை மென்பொருளாக்கி விற்கிறார்கள் என்பதுதான் என் கவலை. லக்னோ காவல்துறை 2021 ஜனவரியில் ஒரு திட்டத்தை அறிவித்தது. பெண்கள் அதிகம் வந்துபோகும் சுமார் 200 இடங்களில் கேமரா வைப்பார்கள். ஆபத்தில் இருக்கும் பெண்ணின் முகபாவத்தை வைத்தே அது காவலர்களுக்குத் தகவல் அனுப்பும். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும், செல்போனில் வீட்டோடு சண்டை போடுபவரும், உண்மையிலேயே பின்தொடரப்படுபவரும் அந்தக் கேமராவுக்கு எப்படி வெவ்வேறாகத் தெரிவார்கள்? பின்தொடரப்படும் பெண் பயத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றே முகத்தை இறுக்கி வைத்திருக்கவும் கூடும்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு உளவியலாளர் பால் எக்மனின் பெயரோடு வரும். 1960-களின் கடைசியில் அவர் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் போனார். வெளியுலகத் தொடர்பு அதிகம் இல்லாத அவர்களிடம் சின்னச் சின்னக் கதைகளைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைப் புகைப்படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். வீட்டில் ஒருவர் தனியாக இருக்கிறார். கையில் கத்தியில்லை, கோடாலியில்லை. வாசலில் காட்டுப்பன்றி வந்து நிற்கிறது. எது அவர் முகம்? பெரும்பாலோர் எக்மன் எதிர்பார்த்த படங்களையே எடுத்தார்கள், பயத்தையும் வியப்பையும் பிரிப்பதில் மட்டும் தடுமாறினார்கள். உணர்ச்சிகளின் முகம் உலகெங்கும் ஒன்றுதான் என்ற கருத்து இங்கிருந்துதான் பாடப்புத்தகங்களுக்குப் போனது. ஆனால் சோதனையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெரியவர்களுக்கு மூன்று படங்கள், குழந்தைகளுக்கு இரண்டே இரண்டு. அதோடு பன்றியும் வாசலும் வெறுங்கையுமாக முழுச் சூழலையும் கதையே கொடுத்துவிடுகிறது. விடைகளை முன்கூட்டியே அடுக்கிவைக்கும் இத்தகைய முறை முடிவை ஒரு பக்கம் சாய்க்கிறது என்று ஜேம்ஸ் ரஸ்ஸல் 1994-இலேயே எழுதினார். நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் முகப்படங்களைக் கொடுத்து, அவரவர் விருப்பப்படி குவியலாகப் பிரிக்கச் சொன்ன ஆய்வு 2014-இல் வந்தது. அந்தக் குவியல்கள் எக்மன் பட்டியலிட்ட ஆறு உணர்ச்சிகளோடு ஒத்துப்போகவில்லை. பப்புவா நியூ கினியின் ட்ரோப்ரியண்ட் தீவு இளைஞர்களோ, நாம் பயம் என்று சொல்லும் அகன்ற கண்ணையும் திறந்த வாயையும் மிரட்டலாகப் பார்த்தார்கள்.

லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் வேறு நான்கு அறிஞர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து 2019-இல் சொன்னதும் இதை ஒட்டியதுதான். கோபம் வந்த எல்லோரும் முகத்தைச் சுளிப்பதில்லை. சுளிப்பவர்கள் எல்லோரும் கோபத்தில் இல்லை. கணக்குப் போடும்போதும் புருவம் நெரியும்.

அப்படியானால் தினமும் முகம் பார்த்துத்தானே பழகுகிறோம், அம்மாவுக்குப் பிள்ளையின் முகவாட்டம் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும்தான். அந்தப் பிள்ளைக்கு இன்று தேர்வு என்பதும், நேற்று யாரோடு சண்டை என்பதும் அவருக்குத் தெரியும். தொல்காப்பியமும் இப்படிச் சூழலைத்தான் தேடுகிறது. அதன் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை என எட்டு மெய்ப்பாடுகளை எண்ணுகிறது (எக்மனின் ஆறைப் பார்த்தால் நமக்கு இரண்டு கூடுதல்). ஆனால் பெயர் சொன்ன கையோடு அது போவது உதட்டுக்கும் புருவத்துக்கும் அல்ல. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணம் சொல்கிறது. அழுகை என்றால் அவமானமா, இழப்பா, தன் நிலையிலிருந்து தாழ்ந்ததா, வறுமையா என்று பார்க்கிறது. கேமராவுக்கு இந்த நான்கில் ஒன்றும் கிடைக்காது.

இன்னும் நிறையப் படங்களைக் கொடுத்தால் இயந்திரம் தேறிவிடும் என்பது தொழில்நுட்பக்காரர்கள் தரும் சமாதானம். அந்தப் படங்களுக்குக் கோபம், மகிழ்ச்சி என்று பெயர் ஒட்டியவர்கள் யார்? பெரும்பாலும், படத்தில் இருப்பவரை முன்பின் அறியாமல், முகத்தை மட்டும் பார்த்த மனிதர்கள். டென்னிஸ் படங்களில் தடுமாறிய அதே கண்கள். அவர்களுடைய சாய்வும் சேர்ந்தே ஏறும். லாரன் ரூ 2018-இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் படங்களை இரண்டு வணிக மென்பொருள்களில் ஓட்டிப் பார்த்தார். கறுப்பின வீரர்களின் முகத்தில் ஒன்று அதிகக் கோபத்தையும் மற்றொன்று அதிக இகழ்ச்சியையும் கண்டது. அவற்றில் ஒன்று மைக்ரோசாஃப்டினுடையது. அந்த நிறுவனம் 2022-இல் உணர்ச்சியை ஊகிக்கும் வசதியைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் வேலையிடத்திலும் பள்ளி கல்லூரிகளிலும் இத்தகைய கருவிகளைத் தடைசெய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்கு உண்டு, காவல்துறையைத் தடை தொடவேயில்லை. நம் நாட்டின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிப்பது பற்றித் தனியாக ஒரு விதியும் இல்லை. சட்டம் வரும்வரை, இந்தக் கேமராக்களுக்கு டெண்டர் விடும் அதிகாரிகள் ஒன்று செய்யலாம். விற்க வருபவரிடம் அந்த டென்னிஸ் முகங்களைக் கொடுத்து, வென்றது யார் என்று அவருடைய மென்பொருளைச் சொல்லச் சொல்லலாம்.