கீச்சிடுவது பெல்ட் மட்டும்தானா?

பத்து வயது தாண்டிய கார், ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’சென்று கத்துகிறதா? பெல்ட்டை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், புது பெல்ட்டும் வழுக்கும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இன்ஜின் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பெல்ட் ஓடும் பாதையை மொபைலில் படம் எடுங்கள். ஸ்பேனரால் டென்ஷனரைத் திருப்பி, பெல்ட்டை எடுத்துவிட்டு, ஸ்பேனரை மெதுவாக விடுங்கள். டென்ஷனர் புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ மாற்றியே ஆக வேண்டும். புதியதன் போல்ட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள்.

பல கார்களில் வாட்டர் பம்ப்பும் இந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது. அறுந்தால் நடுவழியில் இன்ஜின் கொதித்துவிடும்.

டைமிங் பெல்ட் டென்ஷனரை மட்டும் மெக்கானிக்கிடமே விடுங்கள். பல் மாறினால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினே வீணாகலாம்!