எத்தனை பாடங்கள்?

ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டு பெங்களூருவில் படைக் குடியிருப்பை அமைத்தபோது, அதை ஒட்டி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றின் வழித்தோன்றல்களும் பின்னாளில் பிழைப்புத் தேடி வந்தவர்களும் சிவாஜிநகரில், ரசல் சந்தையைச் சூழ்ந்த தெருக்களில் இன்றும் வாழ்கின்றனர். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மைசூர்த் திவானாக விளங்கிய விசுவேசுவரய்யா 1917ஆம் ஆண்டு தொடங்கிய பொறியியல் கல்லூரி உள்ளது. அத்தகைய கல்லூரி ஒன்றில் தம் பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பது சந்தையில் கடை நடத்தும் குடும்பத்தின் பெருங்கனவு. இடம் கிடைக்கும்வரை வீடே அதைப் பற்றிப் பேசுகிறது. கிடைத்தபின் எழும் வினாவைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒரு பருவத்தில் கடினமான தொழில்நுட்பப் பாடங்கள் எத்தனையை ஏற்பது?

முற்காலத்தில் இவ்வினாவுக்கே இடமில்லை. கணிதமேதை இராமானுசன் 1904ஆம் ஆண்டு உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. எல்லார்க்கும் ஒரே பாடத்தொகுதி என்றிருந்த காலம் அது. இன்று, குறிப்பாக மூன்றாம், நான்காம் ஆண்டுகளில், விருப்பப் பாடங்களைத் தெரிவு செய்யும் உரிமை மாணவரிடம் உள்ளது. உரிமை வந்தபோதே கணக்கிடும் பொறுப்பும் உடன் வந்தது. ஆனால் பலர் கணக்கிடுவதில்லை. நண்பர் எத்தனை எடுத்தாரோ அத்தனை எடுக்கின்றனர்.

கணக்கு அரிதன்று. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், நான்காண்டுப் பொறியியல் பட்டத்துக்கு 160 கிரெடிட்டுகளை வகுத்தது. எட்டுப் பருவங்களுக்குப் பகிர்ந்தால் பருவத்துக்கு 20. வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். ஆய்வகமாயின் இரண்டு மணி நேரத்துக்கே ஒரு கிரெடிட். ஐந்து எழுத்துப் பாடங்கள் மும்மூன்று கிரெடிட் வீதம் 15 மணி நேரம் கொள்ளும். எஞ்சிய 5 கிரெடிட் ஆய்வகம் 10 மணி நேரம் கொள்ளும். ஆக, வகுப்பறையில் 25 மணி. வகுப்பு மணி ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு மணியேனும் படித்தால் 15. ஆய்வகக் குறிப்பேடு எழுத 5. இதுவரை 45. நகரின் நெரிசலில் போக வர நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று கொண்டாலும் ஆறு நாட்களுக்கு 12 மணி. மொத்தம் 57, அதாவது நாள்தோறும் ஒன்பதரை மணி.

இதன்மேல் ஆய்வகத்தோடு கூடிய ஒரு பாடத்தைச் சேர்த்தால், வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்ந்து வாரத்துக்கு 9 மணி கூடும்; நாளொன்றுக்குப் பதினொரு மணி ஆகிவிடும். இரண்டைச் சேர்த்தால் பன்னிரண்டரை. மாலையில் தந்தையின் கடையில் நிற்க வேண்டிய மாணவருக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? உறக்கத்திலிருந்துதான் வரும். மதிப்பெண் பட்டியலில் உறக்கத்துக்கு இடமில்லை என்பதால் அந்த இழப்பு வெளியே தெரிவதில்லை; பருவ இறுதியில் ‘அரியர்’ என்ற பெயரில் தெரிகிறது. ஒரு பாடத்தில் தவறியவர் அடுத்த பருவத்தின் ஐந்தோடு அதையும் சுமக்கிறார். விரைந்து முடிக்க எண்ணியவர் பின்தங்குவது இவ்வாறே.

எண்ணிக்கையை மட்டும் நோக்குவதும் போதாது. மூன்று பாடங்களும் கணிதத்தையே நம்பியிருந்தால் ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்கு உதவும். மாறாக, செயல்திட்டம் கேட்கும் மூன்று பாடங்கள் ஒன்றுசேர்ந்தால் மூன்றின் இறுதி நாளும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். இயக்க முறைமை, தரவுத்தளம், கணினி வலையமைப்பு ஆகிய மூன்றுக்கும் ஒரே பருவத்தில் நிரல் எழுதும் மாணவர் எதையும் ஆழ்ந்து கற்பதில்லை. மூன்றையும் எவ்வாறோ ஓட வைத்துக் காட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார். ஆதலின் தெரிவு தம் கையில் உள்ள பருவத்தில், கடினமானவை மூன்றுக்கு மேல் வேண்டா; அம்மூன்றிலும் பெரிய செயல்திட்டம் உள்ளது ஒன்றே போதும்.

பெற்றோர் இதை ஏற்கத் தயங்குவர். கட்டணம் கட்டியாயிற்று, முடிந்த மட்டும் கற்றுக்கொண்டால் என்ன என்பது அவர்கள் வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி செல்பவருக்குக் கூடுதல் தகுதி வேலைவாய்ப்பில் உதவுவது உண்மையே. மேற்கூறிய பாடத்திட்டமும் 20 கிரெடிட் கூடுதலாகப் பெறுவோர்க்குச் சிறப்புத் தகுதியுடன் பட்டம் வழங்க வழிசெய்கிறது. அந்த இருபதை ஆறு பருவங்களுக்குப் பகிர்ந்தால் பருவத்துக்கு ஏறத்தாழ ஒரு பாடம். அதை எடுப்பதில் தவறில்லை. முதலாண்டிலேயே தொடங்குவதுதான் தவறு. தம் படிப்பின் வேகத்தை அறிய எவருக்கும் இரண்டு பருவங்களாவது வேண்டும்.

அப்துல் கலாம் சென்னை தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்றபோது, விமான வடிவமைப்பை மூன்றே நாட்களில் முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று பேராசிரியர் எச்சரித்ததும், அவர் இரவு பகலாக உழைத்து முடித்ததும் மேடைதோறும் சொல்லப்படும் செய்தி. அவர் அக்காலத்தில் சுமந்தது ஒரு பெரும்பணி என்பதை மேடைகள் சொல்வதில்லை. அதே கல்லூரியின் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டிக்கு, நம் விமானத்தை நாமே உருவாக்க வேண்டும் என்னும் பொருளில் அவர் தமிழில் கட்டுரை எழுதினார். ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசும் பெற்றார். பாடத்துக்கு வெளியே ஒரு கட்டுரை எழுத அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகக் கற்ற பிள்ளைகள் கல்லூரி சென்றதும் முதலில் கைவிடுவது தமிழ் நூல்களையே என்பதை இங்கு நினைக்கலாம்.

பருவம் தொடங்கிய முதல் வாரங்களுக்குள் ஒரு பாடத்தை விட்டுவிடச் சில கல்லூரிகள் இசைகின்றன. அவ்விடங்களில் ஒன்றைக் கூடுதலாகப் பதிந்து, இரண்டு வாரம் வகுப்பில் அமர்ந்து பார்த்து, வாரத்துக்கு எத்தனை மணி செலவாயிற்று என ஒரு தாளில் குறித்தபின் முடிவு செய்யலாம். அத்தாளை வீட்டில் காட்டினால் தந்தையும் தாயும் உடன் அமர்ந்து கணக்கிடுவர். கடைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இக்கணக்கு விளங்காமல் போகாது.