எத்தனை கேள்வி வந்தது?

அடுத்த வீட்டு அம்மாளின் பெண் நர்ஸ். இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமானால் 'என்க்ளெக்ஸ்' என்ற பரீட்சையில் தேற வேண்டும். அதை எழுதிவிட்டு ஒரு நாள் மாலை வீடு திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து விம்மத் தொடங்கிவிட்டாள்.

"என்னடி ஆச்சு? எத்தனை கேள்வி வந்தது?" என்று பதறினாள் தாயார்.

"எண்பத்தைந்தோட நின்னு போச்சும்மா. பாதிக்கு மேலே சந்தேகம்தான். எல்லாம் போச்சு!"

"பள்ளிக்கூடத்திலே எண்பதுக்குக் கீழே வாங்கினதே இல்லையே!" என்று தாயாரும் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். பணச் செலவு, பயிற்சி வகுப்பு, தம்பியின் காலேஜ் சம்பளம் எல்லாம் அந்தக் கண்ணீரில் இருந்தன. காபிப் பொடி கடன் கேட்கப் போயிருந்த நான், அதை மறந்துவிட்டு அந்தப் பரீட்சையைப் பற்றியே விசாரிக்கத் தொடங்கினேன். பத்திரிகைக்காரியின் குணம் எங்கே போகும்?

சகோதரிகளே, பரீட்சை என்றால் நமக்குப் பழகிப்போன வழி ஒன்று உண்டு. வினாத்தாளை முதலிலிருந்து கடைசி வரை ஒரு நோட்டம் விடு. தெரிந்ததை முதலில் எழுது. தெரியாததைப் பிறகு பார்த்துக் கொள். என் தகப்பனாரும் இதைத்தான் சொல்லி அனுப்புவார். இங்கே அந்த உபாயம் பலிக்காது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு சமயத்தில் ஒரு கேள்விதான். விடை கொடுத்தால்தான் அடுத்தது வரும். தாண்டிப் போகவும் முடியாது, திரும்பி வந்து திருத்தவும் முடியாது.

அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல, வருகிற கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகும். தவறினால் சற்று இலகுவாகும். உங்களால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொல்ல முடியும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக் கேள்வியாகவே கம்ப்யூட்டர் பொறுக்கிப் போடுகிறது. கெட்டிக்காரிக்கும் பாதி, சுமாரானவளுக்கும் பாதி. வித்தியாசமெல்லாம் கேள்வியின் கடினத்தில்தான். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிப் பழகியவளுக்கு இது எப்படி இருக்கும்? 'சறுக்குகிறேன், சறுக்குகிறேன்' என்றுதான் இருக்கும். உண்மையில் அவள் ஏறிக் கொண்டிருக்கலாம்!

2023 ஏப்ரலில் வந்த முறைப்படி குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150. நேரம் 5 மணி. இவள் தேறக்கூடியவளா, இல்லையா என்பது 95 சதவிகிதம் நிச்சயமாகிவிட்டால், 85-க்குப் பிறகு எந்த இடத்திலும் அது நின்றுவிடும். 85-ல் நின்றவள் தேறியும் இருக்கலாம், தவறியும் இருக்கலாம். 150 வரை போனவளுக்கும் அதே கதைதான். போதாக்குறைக்கு 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. புதுக் கேள்விகளைப் பரிசோதிப்பதற்காக நடுவில் கலந்து வைத்தவை. எவை என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது. "இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையே!" என்று திகைக்க வைக்கிற கேள்வி அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் அந்தப் பெண் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறாள். ஆனால் மருந்துப் பெயர்களைப் போல மனப்பாடம் செய்தாளே தவிர, தனக்கென்று எடுத்துக் கொள்ளவில்லை. நெஞ்சு படபடக்கும்போது, "கஷ்டமாக இருப்பதுதான் இதன் இயல்பு" என்று நினைவுக்கு வர வேண்டுமல்லவா? வீட்டிலேயே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தாண்டாமல், திரும்பாமல், முழு நீளத்துக்கு இரண்டு மூன்று தடவை எழுதிப் பார்த்தால் அது பழகும். 150 கேள்வி வந்தாலும் ஒன்றுக்கு 2 நிமிஷம் இருக்கிறது. எழுத்துக்கள் கண்ணில் பட்டும் மனத்தில் ஏறவில்லையென்றால், கையை எடுத்துவிட்டு நாலு மூச்சு மெதுவாக விடலாம். எழுந்து வெளியே போய் வரவும் அனுமதி உண்டு. கடிகாரம் மட்டும் நிற்காது.

படிக்கிற விதத்தைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் 2006-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களையும், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தவர்கள் எழுதிப் பார்த்தவர்கள்தான். ஆனால் 'நமக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிகம் நம்பியவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்கள்!

என்க்ளெக்ஸ் கேள்விகள் எப்படிப்பட்டவை என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடலாம். பால் பொங்குகிறது, வாசலில் தபால்காரர் கூப்பிடுகிறார், மாமனார் வெந்நீர் கேட்கிறார், குழந்தைக்குப் புரையேறி மூச்சுத் திணறுகிறது. முதலில் எங்கே ஓடுவீர்கள்? அங்கேயும் அப்படித்தான்: நாலு நோயாளிகள், நாலு பேருக்கும் ஏதோ ஒரு தேவை, முதலில் யாரிடம் போவாய்? சரியான விடையை அறிந்தால் மட்டும் போதாது. மற்ற மூன்றும் ஏன் காத்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். கேட்டுக் கொண்டிருக்க ஒரு தாயார் போதும். அவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஒருவேளை தவறிவிட்டால்? 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எந்தப் பகுதியில் தேவைக்கு மேல், எதில் கீழ் என்று ஒரு அறிக்கையும் அனுப்புகிறார்கள். அதை அலமாரியில் ஒளித்து வைக்காமல், அதைக் கொண்டே அடுத்த படிப்பைத் திட்டமிடலாம்.

அந்தப் பெண்ணின் விஷயம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? தேறிவிட்டாள். செய்தி வந்த அன்று அந்த அம்மாள் ஒரு டம்ளர் பாயசமும், நான் கேட்க மறந்த காபிப் பொடியும் கொடுத்தனுப்பினார். "எண்பத்தைந்தே கேள்விதான்! கம்ப்யூட்டரே போதும்னு சொல்லிடுத்து!" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது பரீட்சை எழுதிவிட்டு வரும் பெண் யாரைக் கண்டாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கேள்வி வந்தது?"